ரப்பர் செடி: இலையில் தெரிவதும் தொட்டிக்குள் இருப்பதும்

வீட்டுக்குள் வைத்த ரப்பர் செடிக்கு ஏதாவது ஆகிவிட்டால் தெரிந்தவர்கள் எனக்குப் படம் எடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலும் ஒரே ஒரு மஞ்சள் இலை, அதுவும் மிக நெருக்கத்தில். நான் பதிலுக்குக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "தொட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள்." கேட்டவர் தூக்கிப் பார்த்ததும் அவருக்கே விடை தெரிந்துவிடும், அடுத்த படம் வராது.

இந்தச் செடி எதையும் உடனே காட்டாது. இலை தோல் மாதிரி தடித்தது, தாக்குப் பிடிக்கும். அதனால் இன்று பழுக்கும் இலை இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் நாம் செய்ததன் பலன். கெட்ட இலை திரும்பப் பச்சையாவதும் இல்லை. எனவே எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டு வாரம் பொறுங்கள், அடுத்து வரும் தளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தண்ணீர், இடம், உரம், தொட்டி எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றியவர்களின் செடியை என்னால் காப்பாற்ற முடிந்ததே இல்லை.

இங்கே பேசுவது சீமை ஆல் என்கிற ஃபைக்கஸ் எலாஸ்டிகாவைப் பற்றி. டயர் செய்யப் பால் எடுக்கும் ரப்பர் மரம் வேறு.

## எந்த அறிகுறியானாலும் முதலில் குச்சியும் எடையும்

மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைத் தண்டுக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில், அடி தட்டும் வரை செருகுங்கள். பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். முழுக்கக் காய்ந்து சுத்தமாக வந்தால் தொட்டி காய்ந்திருக்கிறது. கீழ்ப்பாதி கறுத்து, துகள் ஒட்டி வந்தால் மேலே காய்ந்து அடியில் ஈரம் நிற்கிறது. இந்த இரண்டாவதுதான் ஆளை ஏமாற்றுவது. தென்னை நார்க்கழிவு கலந்த மண் மேலே வெளிறிப் பொரபொரவென்று கிடக்கும், விரலை விட்டால் ஒரு கணு ஆழத்துக்குக் காய்ந்திருக்கும், அடியிலோ சேறாக இருக்கும். விரல் சோதனையை நான் கைவிட்டது இதனால்தான். முள் வைத்த ஈரமானியும் இந்த மாதிரி லேசான மண்ணில் ஒரு நாளைக்கு ஒன்று சொல்லும்.

அடுத்தது எடை. தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு தொட்டி விளிம்பைப் பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். காய்ந்ததும் அதே மாதிரி சாய்த்துப் பாருங்கள். நாலைந்து முறை செய்தால் கைக்குப் பழகிவிடும். அப்புறம் குச்சியே தேவைப்படாது.

அழகுக்காக வெளியே இன்னொரு தொட்டி வைத்திருந்தால் உள்தொட்டியைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். பக்கத்து வீட்டில் ஒருமுறை தூக்கினேன். 'ப்ளக்' என்று ஒரு சத்தம், உள்ளே நாலு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தண்ணீர், சாக்கடை நாற்றம். "வாரம் ஒரு டம்ளர்தான் ஊற்றுகிறேன்" என்று அந்த அக்கா சத்தியம் செய்தார். உண்மைதான். ஒரு டம்ளர் வீதம் மாதக்கணக்கில் சேர்ந்திருந்தது, வெளித்தொட்டியில் துளையே இல்லை.

## அறிகுறி 1: கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன

### எப்போதாவது ஒன்று, அதுவும் அடியில் உள்ளது மட்டும்

வயதான இலை விழுகிறது. மேலே தளிர் வந்துகொண்டிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

### வாங்கி வந்த, அல்லது இடம் மாற்றிய சில வாரங்களுக்குள்

நர்சரியில் நல்ல வெளிச்சத்தில் இருந்தது, இப்போது அறை வெளிச்சத்தில் இருக்கிறது. இவ்வளவு இலைகளைத் தாங்க முடியாமல் சிலவற்றைக் கழிக்கிறது. இடத்தை மறுபடி மாற்றாமல் ஒரு மாதம் விட்டுவிடுங்கள். தொட்டியும் மாற்றாதீர்கள். மூன்று நான்கு இலையோடு நின்றுவிட்டால் சரி. அதைத் தாண்டிப் போனால் வெளிச்சம் போதவில்லை, அறிகுறி 6-க்குப் போங்கள்.

### குச்சி ஈரமாக வருகிறது, இலைகள் அடுத்தடுத்து பழுக்கின்றன

எனக்கு வரும் படங்களில் முக்கால்வாசி இந்த வகைதான். என் முதல் ரப்பர் செடியை நானும் இப்படித்தான் இழந்தேன். இலை பழுத்தது, தண்ணீர் பற்றவில்லை போலிருக்கிறது என்று கூட ஊற்றினேன். இன்னும் பழுத்தது, இன்னும் ஊற்றினேன். வேர் அழுகினால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, செடி தாகத்தில் இருப்பது போலவே தெரியும். அந்த வலையில் விழாதவர்கள் குறைவு.

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள்.

தட்டிலும் வெளித்தொட்டியிலும் தேங்கியதைக் கொட்டுங்கள். அடித்துளையில் குச்சியை விட்டுக் குத்திப் பாருங்கள். வேரோ ஓட்டுத்துண்டோ அடைத்திருக்கலாம். துளையே இல்லையென்றால் போட வேண்டும், அதற்கு மாற்று கிடையாது. அடியில் சரளைக்கல் பரப்பினால் போதும் என்பார்கள். போதாது, ஈரம் தேங்கும் மட்டம் கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும்.

பிறகு தண்ணீரை நிறுத்துங்கள். குச்சி பாதி ஆழம்வரை காய்ந்து வரும்வரை ஒரு சொட்டு கூட வேண்டாம். வெளிச்சம் கூடுதலான இடத்துக்கு நகர்த்தினால் சீக்கிரம் காயும்.

பத்து நாளாகியும் எடை குறையவில்லை, தண்டின் அடி அமுங்குகிறது, மண்ணில் புளித்த வாடை வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வேரைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

### வேரைத் திறந்து பார்ப்பது

செய்தித்தாளை விரித்துத் தொட்டியைப் படுக்க வைத்து, பக்கங்களைத் தட்டி, தண்டின் அடியைப் பிடித்து மண்ணோடு உருவுங்கள். நல்ல வேர் வெளிர் பழுப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும், நுனி விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் கறுத்திருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வரும், உள்ளே நூல் போல ஒன்று மிஞ்சும். சந்தேகமே வேண்டாம், அது போன வேர்.

கறுத்ததையெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். பழைய ஈரமண்ணை உதறிவிட்டு, மிஞ்சிய வேர் அளவுக்குப் பொருந்தும் தொட்டியில் நடுங்கள். வேர் பாதியாகிவிட்டால் தொட்டியும் சிறியதாக வேண்டும். பெரிய தொட்டியில் போட்டால் உறிஞ்ச ஆளில்லாத மண் மறுபடி ஈரம் தேக்கும். நார்க்கழிவும் மக்கிய உரமும் இரண்டு பங்கு என்றால் பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக்கல் துகளோ பரும்மணலோ ஒரு பங்கு. புது மண்ணை லேசாக நனைத்தால் போதும். இரண்டு மாதத்துக்கு உரம் வேண்டாம். வேர் போன அளவுக்கு இலைகளையும் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இருக்கும் கொஞ்ச வேர் அத்தனை இலைக்கும் தண்ணீர் அனுப்ப முடியாமல் திணறும்.

அழுகல் தண்டுக்கே ஏறியிருந்தால், அதாவது அடித்தண்டைக் குறுக்கே கீறும்போது உள்ளே பழுப்பாக இருந்தால், கீழ்ப்பகுதியை மறந்துவிடலாம். மேலே நல்ல தண்டு இருக்கும் இடத்தில் வெட்டி வேர்விட வைப்பதுதான் வழி.

### குச்சி காய்ந்து வருகிறது, இலை சுருண்டு பழுக்கிறது

தண்ணீர் பற்றவில்லை. ஆனால் ஊற்றியவுடன் தட்டுக்கு வந்துவிடுகிறதா என்று கவனியுங்கள். முழுக்கக் காய்ந்துபோன நார்க்கழிவு தண்ணீரை ஏற்காது, சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும், தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடிவிடும். ஒரு வாளியில் தொட்டி உயரத்தில் பாதி தண்ணீர் வைத்து, மேல்மண் ஈரமாகும்வரை அரை மணி நேரம் உள்ளே இறக்கி வையுங்கள். எடுத்து வடியவிட்டால் போதும்.

குச்சி பொய் சொல்லும் இடமும் ஒன்று உண்டு. சில செடிகள் முஷ்டி அளவு களிமண் உருண்டையோடு வரும், அதைச் சுற்றி லேசான மண்ணை நிரப்பிக் கொடுத்திருப்பார்கள். குச்சி சுற்றியுள்ள ஈரமண்ணில் இறங்கி 'ஈரம்' என்று சொல்லும். வேரெல்லாம் இருக்கும் உருண்டையோ செங்கல் மாதிரி காய்ந்திருக்கும். நான் திறந்த ஒன்றில் உருண்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் வலையும் இருந்தது, வேர் அதன் கண்களில் மாட்டி இறுகிப்போயிருந்தது. எது செய்தும் தேறாத புதுச் செடியென்றால் இதைச் சந்தேகியுங்கள். உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் மெல்லக் கரைத்துவிட்டு, வலையை வெட்டி எடுத்து, மறுபடி நட வேண்டும்.

## அறிகுறி 2: இலைகள் பச்சையாகவே உதிர்கின்றன

பழுக்காமல், வாடாமல், தொட்டவுடன் காம்போடு கழன்று விழும். அதிர்ச்சிதான் இதற்குக் காரணம். என்ன மாறியது என்று யோசியுங்கள்.

ஏசி காற்று நேராகப் படுகிறதா? இலைக்குப் பக்கத்தில் கையை நீட்டி ஒரு நிமிடம் வையுங்கள். கைக்குக் குளிர்ந்தால் செடிக்கும் குளிர்கிறது. 18 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இதற்குச் சௌகரியம், 12-க்குக் கீழே போனால் இலையைக் கழற்ற ஆரம்பிக்கும். குளிர்ந்த கண்ணாடி ஜன்னலை ஒட்டி இரவு முழுக்க நிற்பதும் இதே கதைதான். ஓரடி தள்ளி வைத்தாலே போதும்.

வண்டியில் நீண்ட தூரம் வந்ததா, இருட்டான மூலையில் பல நாள் இருந்ததா? அப்படியென்றால் நல்ல வெளிச்சத்தில் நிறுத்திக் காத்திருங்கள். மொட்டைத் தண்டானாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்து, துளி பால் கசிந்தால் உயிர் இருக்கிறது, கணுவில் முளை வரும். மேலிருந்து கீழ்வரை எங்கே கீறினாலும் பழுப்பும் வறட்சியும் என்றால் முடிந்தது.

## அறிகுறி 3: இலைகள் தொங்குகின்றன, ஆனால் நிறம் மாறவில்லை

தொட்டி லேசாக இருக்கிறதா? தண்ணீர் ஊற்றுங்கள், மறுநாளைக்குள் காம்பு நிமிரும். நிமிரவில்லை என்றால், அல்லது தொட்டி கனமாக இருந்தும் தொங்கினால், வேரில் கோளாறு. அறிகுறி 1-இன் ஈரப் பிரிவைப் பாருங்கள்.

மூன்று நாளைக்கு ஒருமுறை காய்ந்து தொங்குகிறது, ஊற்றியவுடன் நிமிர்கிறது என்றால் தொட்டி முழுக்க வேர்தான், மண் மிச்சமில்லை. அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கும். 3 முதல் 5 சென்டிமீட்டர் மட்டும் அகலம் கூடிய தொட்டிக்கு மாற்றுங்கள், சுற்றிச் சுருண்ட வேரைக் கத்தியால் நாலு பக்கமும் மேலோட்டமாகக் கீறிவிட்டு.

ஆள் உயரச் செடியைத் தனியாக மாற்ற முயலாதீர்கள். ஈரமண்ணோடு அதன் கனத்தை ஒருவர் தாங்க முடியாது, பாதியில் சாய்ந்தால் தண்டு அடியோடு ஒடியும். தோட்ட வேலை தெரிந்த இருவரைக் கூப்பிடுவதற்கு ஆகும் செலவு அந்தச் செடியின் விலையைவிடக் குறைவு. கூப்பிட மனமில்லை என்றால் மேலே 5 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் சுரண்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதை வைத்தே ஒரு வருடம் ஓட்டலாம்.

## அறிகுறி 4: பழுப்புத் திட்டு, பழுப்பு ஓரம்

தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மொறுமொறுப்பான ஓரம் என்றால் வறட்சி, அல்லது உப்பு. மண் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா? உரமோ உப்புத் தண்ணீரோ சேர்ந்திருக்கிறது. தொட்டி கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். உரத்தை இரண்டு மாதம் நிறுத்துங்கள், பிறகு பொட்டலத்தில் போட்ட அளவில் பாதி, வளரும் காலத்தில் மாதம் ஒருமுறை.

மெத்தென்ற கரும்பழுப்பு இலையின் நடுவிலோ காம்புப் பக்கத்திலோ பரவினால் ஈரம் அதிகம். மறுபடி அறிகுறி 1.

ஜன்னல் பக்கம் பார்த்த இலைகளில் மட்டும் வெளிறிய, காகிதம் போன்ற திட்டு என்றால் வெயில் சுட்டது. நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென்று உச்சி வெயிலில் வைத்திருப்பீர்கள். மெல்லிய திரை போடுங்கள்.

இலையின் அடிப்பக்கத்தில் தக்கை மாதிரி சொரசொரப்பான சின்னக் கொப்புளங்கள் இருந்தால் வேர் உறிஞ்சிய தண்ணீரை இலையால் வெளியேற்ற முடியாமல் உயிரணுக்கள் வெடித்திருக்கின்றன. தொற்று கிடையாது. தண்ணீரைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

மஞ்சள் வளையம் சூழ்ந்த, நீர் கோத்தது போன்ற புள்ளிகள் நாளுக்கு நாள் பெரிதாகி அடுத்த இலைக்கும் தாவுகின்றனவா? கிருமித் தொற்றாக இருக்கலாம். அந்த இலைகளை வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள், இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் பரவினால், கண்ட மருந்தை வாங்கி அடிக்காமல், புதிதாகப் புள்ளி விழுந்த இலை ஒன்றை உறையில் போட்டுப் பயிர் நோய் பார்க்கும் நிபுணரிடம் காட்டுங்கள். பூஞ்சைக்கான மருந்து பெரும்பாலும் பாக்டீரியாவுக்குக் கேட்காது. எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, சொல்பவரையும் நம்பாதீர்கள்.

## அறிகுறி 5: பிசுபிசுப்பு, வெண்பஞ்சு, மெல்லிய வலை

இலையின் அடிப்பக்கத்தையும் காம்பு தண்டோடு சேரும் மூலையையும் கைபேசி விளக்கில் பாருங்கள்.

வெண்பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. பழுப்பு நிறத்தில் சின்ன ஓடு மாதிரி நரம்பை ஒட்டி வரிசையாக இருந்தால் செதில் பூச்சி. நகத்தால் சுரண்டினால் ஓடு கழன்று வரும். இரண்டும் இனிப்புக் கழிவைச் சொட்டவிடும், தரையும் கீழ் இலையும் பிசுபிசுக்கும், எறும்பு வரும், பிறகு கரும்பூசணம் படரும். எறும்பு ஒரு ரப்பர் செடியில் காரணமில்லாமல் ஏறாது.

இலை மங்கி, ஊசியால் குத்தியது போல வெளிர்ப்புள்ளிகள் நிறைந்து, காம்பிடுக்கில் நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் அதுதான். வறண்ட, ஏசி அறையில் வேகமாகப் பெருகும்.

வெள்ளி பூசியது மாதிரி கீறல்களும் கறுப்புப் பொட்டுகளும் இருந்தால் இலைப்பேன்.

முதலில் குளியலறைக்குக் கொண்டுபோய் மண்ணை நெகிழித்தாளால் மூடிவிட்டு, இலைகளின் அடியை நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். செலவே இல்லாத இந்த ஒரு வேலையிலேயே சிலந்திப்பேன் பாதி போய்விடும். மாவுப்பூச்சியையும் செதிலையும் 70 சதவீத ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். அலுப்பான வேலைதான். ஒரு பாட்டு கேட்டுக்கொண்டே செய்யலாம்.

அதன் பிறகு வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லி எண்ணெய், அது கலப்பதற்குச் சில சொட்டுத் திரவ சோப்பு. முதல்நாள் ஓர் இலையில் மட்டும் அடித்துப் பாருங்கள். அடிப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், வெயில்படும்போது வேண்டாம். ஒருமுறை அடித்துவிட்டு நின்றுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முட்டைகள் தப்பிவிடும். வாரம் ஒருமுறை வீதம் குறைந்தது நாலு முறை.

நாலு முறைக்குப் பிறகும் தளிரில் புதிதாகத் தெரிந்தால், அல்லது உருவிப் பார்த்தபோது வேரிலேயே வெண்பஞ்சு இருந்தால், செடிக்குள்ளேயே பரவி வேலை செய்யும் ஊடுருவும் மருந்து தேவைப்படும். மூடிய அறையில், குழந்தையும் பூனையும் நடமாடும் வீட்டில், அதை நீங்களே முயல வேண்டாம். பூச்சி மருந்து அடிக்க உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். சின்னச் செடியென்றால் கழித்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுவது மேல்.

### மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்பினால்

செடிக்குப் பெரிய கேடில்லை. மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். மேல்மண்ணை நன்றாகக் காயவிடுங்கள், பறப்பவற்றை பசை தடவிய மஞ்சள் அட்டையில் பிடியுங்கள். மூன்று நான்கு வாரம் ஆகும், புழுக்கள் முடியும்வரை ஈ வந்துகொண்டேதான் இருக்கும்.

## அறிகுறி 6: நெட்டையாக வளர்கிறது, புது இலை சிறுக்கிறது, அல்லது வளரவே இல்லை

நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாளுக்கு ஓரடி மேலே கையைப் பிடியுங்கள். நிழலின் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் வெளிச்சம் போதும். கலங்கிய ஒரு கறைதான் விழுகிறது என்றால் செடி பிழைத்திருக்குமே தவிர வளராது. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும், அதனால் 'நல்ல வெளிச்சமான அறை' என்று நாம் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடையுங்கள். பளபளப்புக்காக எண்ணெய் தடவ வேண்டாம், தூசி இன்னும் ஒட்டும். வாரத்துக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்பினால் ஒரு பக்கம் சாயாது. ஜன்னல் பக்கம் வைக்க வழியில்லாத அறை என்றால் செடி விளக்கு வாங்க வேண்டும். நாளுக்கு 12 மணி நேரம் எரியவிட்டு, நுனியிலிருந்து ஏறக்குறைய ஓரடி உயரத்தில். வெள்ளைத் திட்டுள்ள டினெக்கே போன்ற வகைகளுக்கு வெளிச்சம் இன்னும் கூடுதலாக வேண்டும். முழுப்பச்சைக் கிளை வந்தால் கடைசித் திட்டுள்ள இலைக்கு மேலே வெட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே நெட்டையானது குட்டையாகாது. வெட்டினால்தான் உண்டு. கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள், கீழேயிருந்து ஒன்றிரண்டு கிளை கிளம்பும். வெட்டிய இடத்தில் பால் சொட்டும், துணியில் பட்டால் கறை போகாது. பச்சைத் தண்ணீரைத் தெளித்தால் நின்றுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பால் சிலருக்கு அரிக்கும். கண்ணில் பட்டால் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ரப்பர் கையுறைக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது. குழந்தையோ நாயோ இலையை மென்றுவிட்டு வாய் வீங்கினால், வாந்தி நிற்காவிட்டால், காத்திருக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

## கோளாறு என்று நினைத்து வருகிறவை

நுனியில் சிவப்பாக, மிளகாய் மாதிரி ஒன்று நீண்டு, ஒருநாள் காய்ந்து விழுந்துவிடும். பூ உதிர்ந்துவிட்டது என்று ஒருவர் வருத்தப்பட்டார். அது தளிரின் உறை. விரிந்த பிறகு அதற்கு வேலையில்லை. கையால் உரிக்க மட்டும் வேண்டாம், உள்ளே இருக்கும் இலை கிழியும், கிழிந்த கோடு இலை பெரிதாகப் பெரிதாகக் கூடவே பெரிதாகும்.

இலை ஓரத்தில் ஒழுங்கான வரிசையில் சின்ன வெள்ளைப் பொட்டுகள், துடைத்தாலும் போகாதவை, இலையின் அமைப்பிலேயே உள்ளவை. பூச்சியென்றால் இவ்வளவு ஒழுங்காக வரிசை கட்டாது.

தண்டிலிருந்து கயிறு போல வேர் தொங்குவது ஆலின் குணம். மேகாலயாவில் காசி மக்கள் இதே மரத்தின் வேர்களை ஓடைக்குக் குறுக்கே பின்னிப் பின்னி நடைபாலமாகவே வளர்த்துவிடுகிறார்கள். வீட்டில் வேண்டாம் என்றால் வெட்டிவிடலாம்.

ஆனால் அந்த வேரை மேலே மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். பால்கனியில் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நிற்கும் தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நகர்த்துங்கள். அடித்துளை வழியாக இறங்கிய வேர் தரையில் தண்ணீர் வடியும் குழாயின் வாய்க்குள் போயிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தொட்டி அசையவில்லை என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். குழாய் வாயில் எட்டிய வேரை அங்கேயே வெட்டிவிடலாம். தண்ணீர் வடிவது ஏற்கெனவே மெதுவாகியிருந்தால் குழாய் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள், கம்பியை விட்டு இழுத்துப் பார்க்க வேண்டாம், உள்ளே அறுந்து அடைத்துக்கொள்ளும்.

வெட்டிய நுனியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கணுவோடு உள்ள துண்டை, ஓர் இலை மட்டும் வைத்து, ஈரமான நார்க்கழிவில் நட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். கணுவே இல்லாமல் வெறும் இலையைக் காம்போடு தண்ணீரில் வைத்தாலும் வேர் விடும், ஆனால் ஒருநாளும் முளைக்காது. என் ஜன்னலோரத்தில் அப்படி ஒன்று இரண்டு வருடமாக நிற்கிறது. வேர் ஒரு கொத்து, இலை ஒன்று.